மீன்பாசிக் குத்தகை

விராலுக்குத்தான் போட்டோம்.
கார்த்திகை பிறந்து நாலு நாள்,
மழை விட்டும் கலுங்கு விடவில்லை.
அதற்குக் கீழே நுரை சுற்றும் குழியில்
கெண்டைக்குஞ்சு ஒன்றைக் கோத்து வீசினான் சேவுகன்.
அவன் தேவகோட்டையில் பேட்டரி விற்கிறவன்.
நான் பத்திரம் எழுதுகிறவன்.
ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருவருக்கும் ஒரே தொழில்.

விரால் என்றால் கீழே இழுக்கும்,
சேற்றுக்குள் முகம் புதைக்கும்.
இது மேலே வந்தது.
தண்ணீரை விட்டு முழுதாக வெளியே வந்து
தலையை ஓர் உதறு உதறியது,
வேண்டாத வரனை மறுக்கிற பெண்ணைப் போல.
"ஆத்தி" என்றான் சேவுகன்.
வேறெதுவும் அவனுக்கு வாய்க்கவில்லை.

கரையில் கிடத்திச் செல்போன் விளக்கடித்தோம்.
கண் சிவந்து எரிந்தது, பீடி முனையாக.
வெள்ளிச் செதில், முதுகில் லேசான கூனல்,
மேல்தாடையை மிஞ்சி நீண்ட கீழ்த்தாடை.
கெளுத்தி இல்லை, கெண்டை இல்லை,
ஜிலேபி இல்லவே இல்லை.
நாற்பது வருஷத்தில் இந்தத் தண்ணீருக்குள்
எனக்குப் பெயர் தெரியாத மீன் இருந்ததில்லை.
வில்லங்கம் பார்க்காமல்
சொத்து வாங்கிவிட்ட மாதிரி இருந்தது.

விடிந்ததும் ஈரச்சாக்கில் சுற்றி
சந்தைக்குக் கொண்டுபோனோம்.
தொண்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வரும் ரஹ்மத்து பீவி
செவுளைத் தூக்கிப் பார்த்தாள்.
"கொடுவா. எங்க ஊரு மீனு.
நான் ஐஸ் பெட்டிக்கும் சேத்து
ரெண்டு டிக்கெட் எடுத்து வாரேன்.
இது எப்படி வந்துச்சு?"

எப்படி வந்தது?
கண்மாய்க்கு நான்கெல்லை எழுதியவன் நான்.
வடக்கே வண்டிப்பாதை.
தெற்கே சீமைக்கருவேலங்காடு.
மேற்கே ஐயனார் பொட்டல்.
கிழக்கே கலுங்கும் அதை அடுத்த ஓடையும்.
ஓடை எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை,
எழுத இடமும் இல்லை.
அது அடுத்த கண்மாயில் விழும்,
அது நிறைந்து அதற்கடுத்ததில்,
பிறகு ஆறு, பிறகு உப்பங்கழி.
வருஷத்தில் பத்து நாள் திறந்து
பிறகு புழுதியாகிவிடும் ஒரு பாதை.
அதில் தண்ணீர் இறங்கிப் போய்க்கொண்டிருந்தபோது
இது எதிரே ஏறி வந்திருக்கிறது,
ஒவ்வொரு கலுங்காகத் தாவி,
எங்கே போகிறோம் என்று சொல்லாமல்.

எங்களுக்கு முன்பே செய்தி போய்விட்டது.
குத்தகைதாரர் சாத்தப்பன் டிவிஎஸ்ஸை நிறுத்தாமலே கத்தினார்:
"தண்ணிக்குள்ள இருக்கறதெல்லாம் எனக்கு."
"கட்லா, ரோகு, மிர்கால்."
நான் எழுதிய வரி, எனக்கு மனப்பாடம்.
"கொடுவான்னு அதுல இல்லையே."
"நான் விட்டாத்தான் மீனா?"
"பிடிச்சது கலுங்குக்குக் கீழ."
"கீழயும் என் தண்ணிதான் ஓடுது."

ரஹ்மத்து பீவிக்கு வியாபாரம் கெட்டது.
அரிவாள்மனையை இழுத்து
யாரையும் கேட்காமல் வயிற்றைக் கீறினாள்.
உள்ளே பாதி கரைந்த ரோகுக் குஞ்சுகள்.
சாத்தப்பன் குனிந்து விரலால் பிரித்து எண்ணினார்.
ஆறு.
இரண்டு முறை எண்ணினார்.
அதன் பிறகு அவர் குரலில் சுருதி இறங்கியது.
தன் குஞ்சுகள் கலுங்கு தாண்டிப் போவது
அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது போலும்.

மூன்று பங்கு வைத்தாள்.
தலை கூலியாக அவள் பெட்டிக்குள் போயிற்று.

வீட்டில் சட்டி கொதித்தது.
"கடல்லேருந்து வந்ததுதானே,
உப்பு எவ்வளவு போட?" என்றாள் மனைவி.
கேலியா, கேள்வியா என்று விளங்கவில்லை.
வழக்கம்போலவே போடச் சொன்னேன்.
சேவுகன் அடுத்த ஞாயிறும் அதே குழியில் போட்டான்,
அதற்கடுத்த ஞாயிறும்.
கெளுத்தி, கெளுத்தி, ஒரு தண்ணீர்ப்பாம்பு.

குத்தகை புதுப்பிக்கச் சாத்தப்பன் வந்தபோது
கண்மாய் நடுவில் மாடு மேய்ந்தது.
"விட்ட மீனும் வந்த மீனும்னு சேத்துரு" என்றார்.
சேர்த்தேன்.
அவர் சொல்லாத ஒரு சொல்லையும் சேர்த்தேன்,
கூலி அதிகம் கேட்கவில்லை.
கிழக்கே: கலுங்கு, ஓடை, முதலியன.